மாமாவின் விமானமும் பாறையில் காய்ந்த பேட்டரிகளும்

பேட்டரியைக் கடித்த தலைமுறை நாம். மறுக்காதீர்கள். டார்ச் லைட் மங்கினால் பேட்டரிக் கட்டையைக் கழற்றி, கடைவாயில் வைத்து நறுக்கென்று ஒரு கடி. அதில் இன்னும் இரண்டு நாள் ஓடும். அந்தக் கரி ருசி என் வயதுக்காரர்களின் நாக்கில் இன்னும் இருக்கும். கடித்ததில் வந்த சக்தியும் தீர்ந்துபோனால் வெயிலில் காய வைப்போம். எந்த வாத்தியாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் என் மாமாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நாங்கள் மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருந்தோம். நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சந்தைத் திடலுக்கு எதிரே கடை வைத்திருந்தார். சோப்பு, அரிக்கேன் திரி, பீடி, பேட்டரி, பஞ்சு மிட்டாய் நிறத்தில் ஒரு தலைவலித் தைலம். கரண்ட் என்பது எங்களுக்கு விருந்தாளி. வரும், உட்காருவதற்குள் கிளம்பிவிடும். அதனால் மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு டார்ச்சும், வசதி இருந்தால் ஒரு ரேடியோவும் இருக்கும்.

கடைக்குப் பின்னால் அகலமான ஒரு பாறை. தெருவே அதில்தான் காய வைக்கும். ஒரு ஓரம் சாமை, ஒரு ஓரம் புளி, நடுவில் பேட்டரிக் கட்டைகள் வரிசையாகப் படுத்திருக்கும். பனிக்காலத்தில் கூட்டம் அதிகம், ஏனென்றால் குளிரில் கட்டை சீக்கிரம் செத்துப்போகும். எந்தக் கட்டை யாருடையது என்று சண்டை வராமல் இருக்க அவரவர் அடையாளம் வைப்பார்கள். ஒரு வீட்டில் குங்குமப் பொட்டு, ஒரு வீட்டில் சுண்ணாம்பு, ஒரு வீட்டில் நகக்கீறல். பக்கத்துக் கடைத் தையல்காரர் மட்டும் எதுவும் வைக்க மாட்டார். "எல்லாரும் பொட்டு வச்சிகினா, பொட்டு இல்லாததுதான் என்னுது. இதுக்கு இன்னாத்துக்குத் தனியா ஒரு பொட்டு?" என்பார். அவருடைய மூளையை நாங்கள் வியந்துகொண்டிருந்தோம்.

இனி மாமா. அம்மாவின் தம்பி. கல்யாண வயது வருவதற்குள் மூன்று தடவை ஊரைவிட்டு ஓடியவர். முதலில் ஓட்டல் வேலைக்கு, அடுத்து அச்சாபீசுக்கு, கடைசியாக வேலூரில் ஒரு காலேஜுக்கு. படிக்க இல்லை. அங்கே மாணவர்களுக்குச் சின்னச் சின்ன விமானம் செய்து பறக்கவிடக் கற்றுக்கொடுத்தார்களாம். அந்த அறையைப் பெருக்கி, பசை காய்ச்சி, விழுந்த விமானத்தை முள்ளுக்காட்டிலிருந்து எடுத்துவரும் வேலை. ஒவ்வொரு தடவையும் சில மாதங்களில் வேலை கசந்து, கீழே பஸ் ஸ்டாண்டில் பையோடு உட்கார்ந்திருப்பார். மேலே ஏற வெட்கம். எங்கள் மலைக்கு வரும் பஸ்சின் டிரைவர்தான் பார்த்து, "ஏறுடா" என்று அதட்டி, எங்கள் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். மூன்று தடவையும் அதே டிரைவர்.

மூன்றாம் தடவை மாமா வெறுங்கையோடு இறங்கவில்லை. பஸ் கூரையிலிருந்து கயிறு கட்டி ஒரு நீளப் பெட்டியை இறக்கினார். உள்ளே ஒரு விமானம்.

அதைப்போல ஒன்றை நான் அதற்குமுன் தொட்டதில்லை. என் இரண்டு கைகளையும் விரித்தால் வரும் அகலத்தில் இறக்கை. அப்பளம் மாதிரி லேசான ஒரு மரம், அதன்மேல் மஞ்சள் பட்டுக்காகிதம், அதன்மேல் ஏதோ வார்னிஷ். மூக்கில் கட்டைவிரல் அளவு எஞ்சின். வயிற்றுக்குள், பஞ்சில் பொதிந்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. அதுதான் ரிசீவர். அதற்குப் பக்கத்தில் நான்கு பென்டார்ச் கட்டைகள். காலேஜில் புதுசு வந்ததும் பழசு என்று கழித்துப் போட்டதை மாமா கேட்டு வாங்கிவந்திருந்தார். இன்று அதில் ஒரு ரப்பர் சக்கரம்கூட என்னிடம் இல்லை.

எஞ்சினுக்கு ஊற்றுவது ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும். விளக்கெண்ணெய் என்றதும் தெரு சிரித்தது. "ஏரோப்ளேனுக்குப் பேதிக்குக் குடுக்கறான்" என்றார் தையல்காரர். முதல் நாள் எஞ்சினை முடுக்கியபோது அது 'ஙொய்' என்று அலறி, பின்பக்கமாக எண்ணெயைப் பீய்ச்சி, அருகில் நின்ற எல்லோருடைய வேட்டியையும் நனைத்தது. "சொன்னன்ல" என்றார் தையல்காரர்.

கையில் பிடிக்கும் பெட்டியில் நீளமான ஏரியலும் ஒரே ஒரு பொத்தானும். ஒரு தடவை அழுத்தினால் வால் இடதுபக்கம் திரும்பும். விட்டால் நேராகும். அடுத்த தடவை அழுத்தினால் வலது. அதற்கடுத்து மறுபடி இடது. எது போன தடவை என்று மறந்தால் தொலைந்தோம். மாமா அந்தக் குளிர்காலம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். களி உருண்டையைத் தொட்டுத் தின்னும்போதுகூட, "இடது ஆச்சி, அடுத்தது வலது" என்பார். அம்மா ரகசியமாக ஒரு வேப்பிலை மந்திரிப்பவரை வரச்சொல்லியிருந்தாள்.

அந்த ரிசீவருக்கு ஒரு கெட்ட பழக்கம். பெட்ரோல் ஜீப் பக்கத்தில் வந்தால், பொத்தானை யாரும் தொடாமலே வால் இப்படியும் அப்படியும் ஆடும். ஜீப் எஞ்சினில் பொறி தெறிக்கிறதே, அதையெல்லாம் இந்த டப்பா தனக்கு வந்த உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். மாமாவுக்கு இது தெரியும். ஊருக்குத் தெரியாது. பஞ்சாயத்து யூனியன் பெரிய ஆபீசரின் ஜீப் கடை வாசலில் நின்றதும் விமானம் வாலை ஆட்டியதைப் பார்த்துத் தையல்காரர், "அய்யாவுக்கு சலாம் வைக்குதுங்க" என்று எடுத்துவிட்டார். ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டடி ரிவர்ஸ் எடுத்து மறுபடி வரச்சொன்னார். மறுபடி ஆட்டியது. மாமாவும் கூடவே ஒரு சலாம் வைத்தார்.

மறுநாளே காட்டுப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, மாமாவைத் தனியே கூப்பிட்டார்கள். மலையில் சாராயம் காய்ச்சுகிறவர்கள் என்று எனக்கே தெரியும். "தம்பி, ஜீப்பு வந்தா ஆடுதாமே. அந்த டப்பாவ எங்களாண்ட குடுத்து வையேன். போலீசு ஜீப்பு வர்றது முன்னாலயே தெரிஞ்சிடுமில்ல."

"அது ஆட்றதுக்கு ஜீப்பு தெருமுனைக்கே வந்திருக்கணும்ணே."

அவர்கள் யோசித்தார்கள். "தெருமுனைக்கு வந்துட்டா எங்களுக்கே தெரியுமே" என்று வருத்தமாகப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் விளையாட்டு. விஷயம் வேறு. பஸ் டிரைவருக்கு ஒரு மகள். மேலே எங்கள் ஊரில் பால்வாடி டீச்சர். காலையில் அப்பாவின் பஸ்சில் ஏறி வருவாள், சாயங்காலம் அதே பஸ்சில் இறங்கிப் போவாள். சோப்பு வாங்க எங்கள் கடைக்கு வருவாள். மற்றவர்களுக்குச் சோப்பைத் தூக்கிப் போடும் மாமா, டீச்சருக்கு மட்டும் அதைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி கட்டுவார். டீச்சரும் முடிச்சு சரியில்லை என்றுதான் சொல்வாள். ஒரு குடும்பத்துக்கு இத்தனை சோப்பு எதற்கு என்று நைனாவே ஒருநாள் கேட்டார்.

அம்மா ஒரு சந்தையன்று டிரைவரை வீட்டுக்குள் கூப்பிட்டு, காபி கொடுத்து, பேச்சை எடுத்தாள். டிரைவர் பெரிய மீசை, சின்ன வாய். காபியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"இந்தாம்மா, தப்பா நெனைக்காத. நான் தெனமும் வண்டிய மேல ஏத்தறேன், கீழ எறக்கறேன். போனது திரும்பி வரணும், அதான் என் பொழப்பு. உன் தம்பி போற ஆளு. தானா திரும்பற ஆளு இல்ல. மூணு தபாவும் நான்தான் கொண்டாந்து வுட்டேன். நாளைக்கு என் பொண்ண வுட்டுட்டுப் போய்ட்டான்னா, அப்பவும் நானேதான் போய்க் கூட்டியாரணுமா?"

உள்ளேயிருந்து மாமா வந்தார். "என் ஏரோப்ளேனு போய்ட்டுத் திரும்பும்ங்க. எங்க கௌம்புச்சோ அங்கயே வந்து எறங்கும்."

எதற்கு எது பதில் என்று எனக்கு அப்போது புரியவில்லை. டிரைவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மீசையைத் துடைத்தார். "சரி. வர்ற சந்தையன்னிக்கு எல்லாருக்கும் முன்னால வுட்டுக் காட்டு. கௌம்பின எடத்துக்கே வந்துச்சின்னா பொண்ணப் பத்திப் பேசலாம். இல்லன்னா பொங்கல் முடிஞ்சதும் கீழ ஒரு எடத்துல பேச்ச முடிச்சிடுவேன்."

அந்த வாரம் மாமா தூங்கியதாக எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு ஒயரையும் பேன் பார்ப்பதைப்போலப் பார்த்துப் பற்றவைத்தார். ஆபீசர் வீட்டுக்குப் போய், அன்றைக்கு மட்டும் ஜீப்பைத் தூரமாக நிறுத்திவிட்டு நடந்துவர வேண்டும் என்று கேட்டார். சலாம் போய்விடுமே என்று ஆபீசருக்கு மனசே இல்லை. ஆனாலும் சரி என்றார், சந்தைத் திடலில் விடவும் அனுமதி கொடுத்தார். மாமாவின் பயமெல்லாம் ஜீப்பின் மேலேயே இருந்தது. பேட்டரியைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கடைக்கு வந்த புதுச் சரக்கிலிருந்து நான்கு கட்டைகளை எடுத்து மாடத்தில் வைத்திருந்தார். புதுசுக்கு என்ன ஆகும்?

ஆனது அம்மாவால். பழி சொல்லவில்லை, அவ்வளவும் பாசம். சந்தையன்று காலையில் மாடத்தைத் துடைக்கப் போனவள் அந்தக் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தன. "அய்ய, கொழந்தைங்க வெறைச்சிப் போய்க் கெடக்குதுங்களே" என்று முந்தானையில் அள்ளிக்கொண்டுபோய்ப் பாறையில் வைத்துவிட்டாள். தம்பியின் வாழ்க்கை இந்த நான்கு கட்டைகளில் இருக்கிறது, கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று அவளுக்கு. புதுசு என்பதால் பொட்டு வைக்கவில்லை.

சந்தைக்கு வந்த ஆட்டுமந்தை ஒன்று சாமையைப் பார்த்துப் பாறைமேல் ஏறியது. பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆடுகள் போனபின் கட்டைகள் நாலாபக்கமும் உருண்டுகிடந்தன. குங்குமம் குங்குமத்துக்கு, சுண்ணாம்பு சுண்ணாம்புக்கு என்று பொறுக்கினார்கள். பொட்டில்லாத பென்டார்ச் கட்டைகள் எல்லாம் எங்கள் கடைச் சரக்கு, பார்க்க ஒன்றுபோல இருந்தன. அதில் நான்கை அம்மா எடுத்தாள். மிச்சம் இரண்டைத் தையல்காரர் எடுத்தார். அன்றைக்கு அவரவர் எண்ணிக்கை சரியாக இருந்தது. சில நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்த தையல்காரரின் குட்டி ரேடியோ தெருவுக்கே கேட்கிற மாதிரி பாடத் தொடங்கியிருந்தது. "பாறையில வைக்கிறதுக்கும் ஒரு கைராசி வேணும்" என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செத்த கட்டையை வெயிலில் காய வைத்தால் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். எடுத்துப் போட்டவுடன் புதுசு மாதிரி எரியும். நமக்குச் சந்தோஷம் தாங்காது. கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். மாமா திடலில் நின்று சோதித்துப் பார்த்தபோது வால் கச்சிதமாகத் திரும்பியது. இடது, நேர், வலது, நேர். ஏரியலைச் சுருக்கிவைத்து, தூரமாக நடந்துபோயும் பார்த்தார். குறையே இல்லை. மாமா டீச்சர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

சந்தையே கூடி நின்றது. கடுக்காய் மூட்டைக்காரர், தேன் விற்கிறவர், புளி வியாபாரி, பால்வாடிப் பிள்ளைகள். டிரைவர் கைகட்டிக்கொண்டு முன்னால் நின்றார். மாமா எஞ்சினை முடுக்கி, நாலடி ஓடி, விமானத்தைக் காற்றில் விட்டார். அது மேலே ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், கூட்டத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. மஞ்சள் இறக்கை வெயிலில் திரும்பி, திடலை ஒரு சுற்று வந்து, எங்கள் தலைக்கு மேலே போனது. விளக்கெண்ணெய் வாசனை வந்தது. இன்னொரு சுற்று. டிரைவரின் கட்டிய கை கொஞ்சம் இளகியது. நான் டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில் மாமா பொத்தானை அழுத்தினார். விமானம் திரும்பவில்லை. மறுபடி அழுத்தினார். "வலது... வலதுதானே..." என்றார். விமானம் நேராக, யாரையும் கேட்காமல், கிழக்கே போனது. மாமாவின் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியாது. விமானம் சின்னதாகி, மலைமுகட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கி, சத்தமும் நின்றது.

மாமா ஒரு நொடி நின்றார். பிறகு பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினார். திடலைத் தாண்டி, சாமைக் கொல்லையைத் தாண்டி, காட்டுக்குள்.

"மூணு தபா பஸ்ல போனான். இந்தத் தபா ஏரோப்ளேனு பின்னால போறான்" என்றார் நைனா. கூட்டம் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் என் விரலை விட்டுவிட்டாள்.

சந்தை கலைந்தது. மாமா வரவில்லை. வெயில் இறங்கியது, வரவில்லை. கடைசி பஸ் கிளம்பும் நேரம் ஆனது. டீச்சர் பஸ்சில் ஏறி, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, மலைமுகட்டையே பார்த்தாள். அவளுக்குத் துணையாக என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள், வண்டி கிளம்பும்போது இறங்கிக்கொள்ளலாம் என்று. நான் கேட்டேன், "மாமா திரும்பி வராதா டீச்சர்?" அவள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். மலைமுகட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"பேட்டரி டவுனு. செல்ஃப் எடுக்காது. எல்லாரும் எறங்கித் தள்ளுங்க."

"காலைல நல்லாத்தானண்ணே இருந்துச்சி?" என்றார் கண்டக்டர்.

"காலைல இருந்துச்சி. இப்ப இல்ல. எறங்குய்யா."

பேட்டரி என்றதும் எங்கள் ஊருக்கு அறிவு பொங்கிவிட்டது. "கழட்டிப் பாறையில வைங்க, காலைல பாரு" என்றார் தையல்காரர். "குளிரு டிரைவரே, சாக்கு சுத்தி வைக்கணும்" என்றார் தேன்காரர். கடைசியில் மூட்டை முடிச்சோடு எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நைனாவும் கடையைவிட்டு வந்து தோள் கொடுத்தார். வண்டி அசையவில்லை. "ஏலேலோ" போட்டார்கள். ஊஹூம். ஆபீசரின் ஜீப் டிரைவரும் வந்து சேர்ந்தார். பஸ் மரம் மாதிரி நின்றது.

டீச்சரோடு உள்ளேயே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் டிரைவரின் கால் தெரிந்தது. பிரேக்கின் மேல் இருந்தது. சும்மா இல்லை, தொடை நடுங்க அழுத்திக்கொண்டிருந்தார். கண் மட்டும் காட்டுப் பக்கம். வண்டி தள்ளும்போது டிரைவர் அப்படித்தான் செய்வார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன், "உங்க நைனா பிரேக்க மிதிச்சிகினு கீறாரு."

டீச்சர் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் காலையும் பார்த்தாள், முதுகையும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பஸ் கிளம்பவில்லையே என்று அழுகிறாள் போல என்று நானும் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

அப்போதுதான் சாமைக் கொல்லை வழியாக மாமா வந்தார். சட்டை கிழிந்து, முழங்கால் ரத்தத்தோடு, ஏரியல் வளைந்த பெட்டியோடு. விமானம் இல்லை. நேராக டிரைவரின் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏரோப்ளேனு எங்கடா?"

"பள்ளத்துல ஒரு மரத்து உச்சியில மாட்டிகினு கீதுங்க. ஏறி எடுக்கலாம். எடுத்தா இருட்டிடும், பஸ்சு போயிடும்னு வந்துட்டேன்."

"எடுக்காமலா வந்த?"

"எடுக்காமதான் வந்தேன். திரும்பி வரல, நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சி. அத உங்களாண்ட நானே சொல்லிடணும்னு வந்தேன்."

டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். "யாரு கூட்டியாந்தாங்க உன்ன?"

"யாரும் இல்லீங்க. நானேதான் வந்தேன்."

"சரி. போய்ப் பின்னால நின்னு தள்ளு."

மாமா போய்க் கையை வைத்தார். அவ்வளவுதான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பி நாலடி பாய்ந்து நின்றது. தள்ளியவர்கள் பாதிப்பேர் குப்புற விழுந்தார்கள். டிரைவர் தலையை நீட்டி, திடலுக்கே கேட்கும்படி சொன்னார்: "இத்தினி பேரு தள்ளி அசையல, இவன் கை வச்சதும் வண்டி எடுத்துச்சி பாருங்க." பிறகு நைனாவைப் பார்த்து, குரலைத் தணித்து, "கடக்காரரே, வர்ற நாயித்துக்கெழம வூட்டுக்காரம்மாவ கூட்டிகினு கீழ வாங்க. பேசி முடிச்சிடலாம்" என்றார்.

என்னை இறக்கிவிட்டு, டீச்சரோடு பஸ் போனது. அம்மா மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நைனா மட்டும், தள்ளித் தள்ளி மூச்சு வாங்கியபடி, பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிய கவலை.

"இன்னாங்க யோசிக்கிறீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. ஒரு பஸ்சு பேட்டரியக்கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியாத ஆளு. அந்த வூட்ல போயி நம்ம பையனுக்குப் பொண்ணு எடுக்கறமேன்னு பாக்கறேன்."